சாவிக்குப் பூசை

எங்கள் முனியாண்டி கோயிலுக்கு ஆயுத பூசையன்று வராத சாமான் கிடையாது. எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலை வெட்டும் நீளக் கத்தி, பாராங்கு என்கிற வெட்டரிவாள், மண்வெட்டி, புல்வெட்டும் இயந்திரம், என் லோரி, தையல்காரி தனேஸ்வரியின் கத்தரிக்கோல், அவள் மகளுடைய கைப்பேசி வரைக்கும் சந்தனம் குங்குமம் வாங்கிக்கொண்டு வரிசையில் இருக்கும். அந்த வரிசையில் ஒரு தட்டில் வெற்றிலை மேல் ஒரே ஒரு சாவி இருக்கும். அது காளியண்ணனுடையது. எங்கள் வட்டாரத்தில் லைசென்சோடு துப்பாக்கி வைத்திருந்த ஒரே ஆள் அவர். அந்தத் துப்பாக்கியைக் கொண்டுவராமல், அதைப் பூட்டி வைத்திருக்கும் இரும்பு அலமாரியின் சாவியைக் கொண்டுவந்து பூசை போட்டுப் போவார்.

வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்போம். காளியண்ணனிடம் சிரிக்க முடியாது. சிரித்தால் உட்கார வைத்துச் சட்டம் சொல்லுவார்.

"கோயிலு என்னா என் நெலத்துக்குள்ளயா இருக்கு? ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு. லைசென்சு எதுக்குக் குடுத்திருக்கான்? சொந்த நெலத்துல பயிரைக் காப்பாத்த. இதுவரைக்கும் நான் பன்னி சுடுற காளியண்ணன். ரோட்டைத் தாண்டிட்டா துப்பாக்கியோட திரியிற காளியண்ணன். முனியாண்டிக்கே இது புரியுது, ஒங்களுக்குப் புரியல பாரு லா."

ஜெராமிலிருந்து உள்ளே போகும் மண்சாலையின் கடைசியில், சதுப்புக் காட்டை ஒட்டி அவருடைய ஐந்து ஏக்கர் செம்பனை. முன்பு தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். தோட்டம் கைமாறி தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது, மற்றவர்கள் கிள்ளான் பக்கமும் ரவாங் பக்கமும் போனார்கள். அவரும் அவருடைய மச்சான் ராஜுவும் மட்டும் சேர்ந்து அந்தக் காட்டோர நிலத்தை வாங்கி ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ராஜு, காளியண்ணனின் மனைவி கலாவதியக்காவுக்குக் கூடப்பிறந்த தம்பி. நான் செல்லன். இரண்டு பேருடைய பழக்குலைகளையும் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகும் லோரிக்காரன். எனக்கு நிலம் கிடையாது. அதனால்தான் இந்தக் கதையை ஒரு பக்கமும் சாயாமல் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். ஆனால் கலாவதியக்கா பக்கம் சாய்ந்துவிடுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

காட்டோர நிலம் என்றால் பன்றிக்கும் அதில் பங்கு உண்டு. வளர்ந்த மரத்தை அது ஒன்றும் செய்யாது. கன்று நட்டால்தான் வரும். மண்ணைக் கிளறி, கன்றைச் சாய்த்து, நடுக்குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடும். குருத்து போனால் கன்று போனது. அதற்காகத்தான் காளியண்ணனுக்குத் துப்பாக்கி. வருஷா வருஷம் இஸ்திரி போட்ட நீலச் சட்டையோடு பாலாய்க்குப் போய் லைசென்சைப் புதுப்பித்துக்கொண்டு வருவார். போலீஸ் நிலையத்தை பாலாய் என்றுதான் சொல்லுவோம். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டைக்கூடத் தூக்கி எறியமாட்டார், பத்திரமாக டப்பாவில் போட்டு வைத்திருந்து கணக்குக் காட்டுவார். பன்றி விழுந்தால் செகிஞ்சானிலிருந்து ஒரு சீனர் வந்து எடுத்துப்போவார். ஒரு தொடை மட்டும் எங்களுக்கு. கலாவதியக்கா அதில் மிளகைத் தட்டிப் போட்டு, கறிவேப்பிலையை அள்ளிப் போட்டுச் சுண்டச் சுண்ட வறுப்பார். அந்த வாசனைக்கு என் லோரி அந்த வீட்டு வாசலில் தானாகவே நின்றுவிடும்.

துப்பாக்கியை வேறு யாரும் தொடக்கூடாது. மகன் தீபன் சின்ன வயசில் அலமாரிக் கதவைத் தட்டிப் பார்த்ததற்கே முதுகில் வாங்கியிருக்கிறான். சாவியை எங்கே வைக்கிறார் என்று பெண்டாட்டிக்கும் சொன்னதில்லை.

"எடம் தெரிஞ்சா அவளும் துப்பாக்கிக்காரி ஆயிடுவா. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவளையும் சேத்து இழுப்பான். ஜெயிலு மட்டுமில்ல செல்லா, ரோத்தான் பெரம்படியும் இருக்கு. ஒண்ணும் தெரியாதவள ஒருத்தனும் ஒண்ணும் கேக்க முடியாது."

பக்கத்தில் நின்று கலாவதியக்கா கோப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். கோப்பியை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார்.

போன வருஷம் பழைய மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு இரண்டு நிலத்திலும் புதுக் கன்று நட்டார்கள். குழி பறிப்பதும், அடியில் உரம் போடுவதும், பைக் கன்றைக் கட்டித் தூக்கிக்கொண்டு சேற்றில் நடப்பதுமாகப் புருஷனும் பெண்டாட்டியும் முதுகொடிய வேலை செய்தார்கள். நட்டு முடித்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் காலையில் வரப்பில் கவிழ்ந்து கிடந்தார் காளியண்ணன். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது அவருக்கு மிஞ்சியிருந்தது இடது கையும், "ஆ, ஆ" என்ற ஒரு சத்தமும்தான். அத்தனை சட்டம் பேசிய வாய்.

பழக்கினால் வலது கை ஓரளவு திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கலாவதியக்கா தினமும் ஒரு தட்டில் கோதுமை மாவைப் பிசைந்து அவர் மடியில் வைத்துவிடுவார். அந்தச் செத்த கையால் அதைப் பிசைய வேண்டும். காளியண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு பிசைவார். பிசைகிற நேரமெல்லாம் அவர் கண் எதிர்ச் சுவரில் இருந்த இரும்பு அலமாரி மேலேயே இருக்கும். வருஷக் கடைசிக்குள் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும், அதற்குள் கை எழுந்துவிட வேண்டும். அவர் சொல்லாவிட்டாலும் வீட்டுக்கு வந்து போகிற எல்லோருக்கும் அது தெரியும்.

"அந்த மாவுல ரொட்டி சுட்டுக் குடுக்கிறேன், கல்லு மாதிரி இருக்கு. மொகம் சுளிக்காம திங்கிறாரு" என்று அக்கா சிரித்தார். "அவரு பெசஞ்சதுல்ல."

அவருக்குக் கை விழுந்தது பன்றிக்கு எப்படித் தெரிந்ததோ. ஆகஸ்டு மழை தொடங்கியதும் வர ஆரம்பித்துவிட்டன. முதலில் ராஜுவின் கடைசி வரிசை. அப்புறம் இந்த நிலம். காலையில் போய்ப் பார்த்தால் உழுது போட்ட மாதிரி மண் கிடக்கும், கன்றுகள் குருத்தில்லாமல் மல்லாந்து கிடக்கும். ராஜு ஒரு கன்றைத் தூக்கிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்கு வந்தான். நான் குலை ஏற்ற வேண்டிய வேலை இல்லாவிட்டாலும், ஜெராமில் வாங்கிய கருவாட்டைக் கொடுக்க வந்து, வாசலில் மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பலும் தின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, இதப் பாரு."

"பாத்தேன். நம்ம பக்கமும் இப்படித்தான் கெடக்கு. ஒக்காரு, கெழங்கு தின்னு."

"கெழங்கு கெடக்கு. மாமா எந்திரிக்கிற வரைக்கும் பன்னி காத்துக்கிட்டு இருக்குமா? அந்த அலமாரியத் தொறந்து குடுக்கா. ரெண்டு பன்னி விழுந்தாப் போதும், மத்தது இந்தப் பக்கம் தல வச்சுப் படுக்காது."

"லைசென்சு ஒன் பேருலயா இருக்கு?"

"இந்தக் காட்டுக்குள்ள எவன் வந்து பாக்கப் போறான்?"

"நாந்தான் பாத்துக்கிட்டு இருக்கேனே."

ராஜுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாவி எங்க இருக்கு? அதச் சொல்லு மொதல்ல."

"அது ஒன் மாமா வச்ச சாவி. அவரக் கேளு."

ராஜு உள்ளே போய்க் கேட்டான். காளியண்ணன் அவனைப் பார்த்தார். மாவுத் தட்டைப் பிடித்திருந்த இடது கையை எடுத்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான் பதில். ராஜு வெளியே வந்து, குருத்துப் போன கன்றை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் பெண்டாட்டி மாதவியும் இந்த வீட்டுக்கு மீன் கொடுத்து அனுப்புவதை நிறுத்திவிட்டாள்.

அந்தக் கன்றை அக்கா தூக்கிப் போடவில்லை. கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் எனக்குப் போன் போட்டு, டவுனிலிருந்து கம்பி வலை சுருள் வாங்கிவரச் சொன்னார்.

"கன்னு ஒவ்வொண்ணுக்கும் கூண்டு கட்டப் போறேன் செல்லா."

"எத்தன கன்னுக்குக்கா கட்டுவீங்க?"

"இருக்கிறதுக்கெல்லாம்."

கட்டினார். காலையில் புருஷனைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, மாவுத் தட்டை மடியில் வைத்துவிட்டு நிலத்துக்கு இறங்குவார். கம்பி வலையை அளந்து வெட்டி, வளைத்து, கன்றைச் சுற்றி நிறுத்தி, மூன்று பக்கமும் கட்டை அடித்து இறுக்க வேண்டும். வெட்டிய கம்பி முனை கையைச் சும்மா விடாது. பத்து விரலிலும் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு, மழையில் பழைய உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கணுக்கால் சேற்றில் நின்று அந்த அம்மா கட்டை அடித்த அடி சாலை வரைக்கும் கேட்கும். நான் சில நாள் சுருளைத் தூக்கிக் கொடுத்தேன். அரை நாளிலேயே எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆண்பிள்ளை என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

சொந்த நிலத்தில் மூன்று வரிசை முடித்ததும், ராஜுவின் நிலத்தை ஒட்டிய வரிசையில் அவன் கன்றுகளுக்கும் நான்கைந்து கூண்டு கட்டிவிட்டு வந்தார். ராஜு தூரத்தில் நின்று பார்த்தான்.  ஆனாலும் கூண்டு வேகத்தைவிடப் பன்றி வேகம் அதிகமாக இருந்தது. இங்கே கட்டினால் அங்கே தின்றது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவாங்கிலிருந்து தீபன் வந்தான். தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவனுக்கு மாமன் ராஜு போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். வந்தவன் காரிலிருந்து இரும்பு வெட்டும் கிரைண்டரை எடுத்துக்கொண்டு இறங்கினான். மதியம், மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் கம்பிச் சுருளை இறக்கிவிட்டு மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அக்கா அடுப்படியில் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"மா, சத்தம் போடாதீங்க. பூட்ட மட்டும் கட் பண்றேன். இன்னிக்கு ஒரு நாளு. ஒன் ஷாட், டூ ஷாட், முடிஞ்சிச்சு. அடுத்த வாரம் என் பிரெண்டு வந்து வெல்ட் பண்ணிடுவான். அப்பாவுக்கே தெரியாது."

"அப்பா ஒன் எதுக்கதான் ஒக்காந்திருக்காரு."

காளியண்ணனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நாற்காலிக் கையை இடது கையால் அடித்துக்கொண்டு "ஆ, ஆ" என்று கத்தினார். மாவுத் தட்டு கீழே விழுந்தது. தீபன் அவர் பக்கம் திரும்பாமலே வயரைப் பிளக்கில் சொருகினான். அவனும் அழுதுகொண்டுதான் செய்தான், அதையும் சொல்ல வேண்டும்.

"ஒங்க கையப் பாத்தீங்களாம்மா? ஐம்பத்தெட்டு வயசுல கம்பி வளைக்கிறீங்க. நான் அங்க ஏர்கோன்ல ஒக்காந்திருக்கேன். எனக்கு எப்படி இருக்கும்? யாரு கேக்கப் போறா மா? யாருக்குத் தெரியப் போகுது?"

அக்கா அரிசிப் பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். வந்தார். பிளக்கைப் பிடுங்கினார். அவன் கையிலிருந்த கிரைண்டரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், அரிசி களைந்த பாத்திரத்துத் தண்ணீரில் அப்படியே முக்கிவிட்டார். அரிசியும் உள்ளேதான் இருந்தது.

"மா! அது பிரெண்டோடது!"

"பிரெண்டுக்குப் புதுசு வாங்கிக் குடுப்போம். ஒன்னயப் புடிச்சுக்கிட்டுப் போனா நான் எங்க போயிப் புதுசு வாங்குறது?"

தீபன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்கா கீழே சிந்திய மாவை வழித்து எடுத்துக்கொண்டே சொன்னார். குரல் உயரவே இல்லை.

"சுட்டா சத்தம் கேக்கும். ரோட்டுல எவனாவது போவான். காளியண்ணனுக்குக் கை வராதே, யாரு சுட்டதுன்னு கேப்பான். அப்ப ஒங்கப்பாவைக் கேக்க வருவான். அவரு என்னா சொல்லுவாரு? நான் குடுக்கலன்னு சொல்ல வாய் இருக்கா அவருக்கு? இத்தன வருசம் ஒரு வார்த்த கேக்க விடாம வச்சிருந்த மனுசன், கடைசில ஒக்காந்த எடத்துல 'ஆ, ஆ'ன்னு கத்திக்கிட்டு நிக்கணுமா?"

  காளியண்ணனின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கக்கூட அவர் கையைத் தூக்கவில்லை. அக்கா புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"செல்லா, நாளைக்கு ஒன் லோரி எந்தப் பக்கம் போகுது?"

"எந்தப் பக்கம் போகணும்க்கா?"

"பாலாய்க்கு."

அடுத்த நாள் லோரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது அக்கா ஒரே ஒருமுறைதான் பேசினார். "கை வந்துரும், வந்துரும்னு பாத்தேன் செல்லா. அத எடுத்துட்டுப் போயிட்டா அப்புறம் அவரு எதுக்கு மாவு பெசையணும்?" என்றார். இத்தனை நாள் அந்த அலமாரியை அவர் ஏன் வீட்டில் விட்டுவைத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது துப்பாக்கி அல்ல, புருஷனுடைய நம்பிக்கை. மகன் கிரைண்டரோடு வந்த பிறகு அதையும் விட்டுக்கொடுக்கத் துணிந்துவிட்டார்.

பாலாயில் வயசான ஒரு மலாய் சார்ஜன் இருந்தார். காளியண்ணன் பெயரைச் சொன்னதுமே நீலச் சட்டைக்காரரா என்று கேட்டார். அக்கா தோட்டத்து மலாயில் நேராகச் சொன்னார். புருஷனுக்குக் கை விழுந்துவிட்டது, இனிமேல் அவரால் தூக்க முடியாது, துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் கொண்டுவரவில்லை, கொண்டுவந்தால் அது என் மேல் குற்றம், நீங்கள்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

"சாவி யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டார் சார்ஜன்.

"என் புருஷன் வைத்திருக்கிறார். நான் இதுவரைக்கும் தொட்டதில்லை" என்றார் அக்கா.

ஆயுத பூசைக்கு முந்தின வாரம் சார்ஜனும் ஒரு இளம் போலீஸ்காரரும் ஜீப்பில் வந்தார்கள். தீபன் லீவு போட்டு வந்திருந்தான். ராஜுவும் வந்து கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். காளியண்ணனுக்கு அந்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி, தலையைப் படிய வாரி, அலமாரிக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்திருந்தார் அக்கா. லைசென்ஸ் புதுப்பிக்கப் போகிறவர் மாதிரியே இருந்தார். பார்க்க முடியவில்லை எனக்கு.

சார்ஜன் குனிந்து அவருடைய இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். "அங்கிள், சாவி வேண்டும். இல்லையென்றால் பூட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்" என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார்.

காளியண்ணன் எழப் பார்த்தார். நாற்காலிக் கையைப் பிடித்து ஊன்றினார், முட்டி மடிந்தது, மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். குளியலறைப் பக்கம் கையை நீட்டினார். "ஆ, ஆ." தீபன் ஓடிப் போய்க் குளியலறையில் வாளியையும் சோப்பு டப்பாவையும் தூக்கிப் பார்த்தான். காளியண்ணன் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். மேலே, மேலே என்று கையைத் தூக்கினார். தீபனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்துவிட்டது.

அப்போது கலாவதியக்கா அடுப்படியிலிருந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். குளியலறைக் கதவுக்கு வெளியே போட்டு ஏறினார். கதவுக்கு மேலே, காற்று வருவதற்காகத் துளை வைத்த கற்களைப் பதித்திருந்தார்கள். அவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. கை நேராக ஓரத்துத் துளைக்குள் போய்ச் சாவியோடு வந்தது. அதில் போன வருஷத்துச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

இறங்கிவந்து புருஷனின் இடது கையில் சாவியை வைத்து விரல்களை மூடினார்.

"நீங்களே தொறங்க. ஒங்க பேருலதான இருக்கு."

காளியண்ணன் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்தபடி இருந்தது.

ராஜுதான் முதலில் கத்தினான். "அக்கா! ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

அக்கா தம்பிக்குப் பதில் சொல்லவில்லை. புருஷனிடம்தான் சொன்னார்.

"பூச முடிஞ்சு வந்து சாமி தொட்ட சாவியக் கழுவக்கூடாதுன்னு அப்படியே கொண்டுபோயி ஒளிச்சு வப்பீங்க. கைய மட்டும் கழுவ மறந்துருவீங்க. கல்லுக்குக் கீழ வெள்ளச் செவுத்துல செக்கச்செவேர்னு குங்குமம், அஞ்சு வெரலும் பதிஞ்சிருக்கும். ஊருக்கே போர்டு மாட்டுன மாதிரி. வருசா வருசம் பூசைக்கு மறுநாளு எனக்கு இதே வேல, முக்காலி போட்டு ஏறிச் செவுரு தொடைக்கிறது."

தீபன் சிரித்துவிட்டான், அழுதுவிட்டான், இரண்டும் சேர்ந்து வந்தது. நான் சட்டென்று நினைத்துப் பார்த்தேன். இத்தனை மாதத்தில் யார் கேட்டபோதும் கலாவதியக்கா 'தெரியாது' என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவர் வச்ச சாவி, அவரைக் கேளு. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பொய்யும் சொல்லவில்லை, சாவியையும் கொடுக்கவில்லை. தன் கன்று ஒவ்வொன்றாகச் சாகிறதைப் பார்த்துக்கொண்டு, முக்காலி போட்டால் எட்டுகிற உயரத்தில் சாவியை வைத்துக்கொண்டு, சேற்றில் நின்று கம்பி வளைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்து அந்த மாதிரி நெஞ்சு வேறு யாருக்கும் இல்லை.

சார்ஜனுக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. இவர்கள் பேசி முடிக்கும் வரைக்கும் அவர் சன்னல் வழியாகச் செம்பனைக் கன்றுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காளியண்ணனின் நாற்காலியை அவரே அலமாரி வரைக்கும் நகர்த்திவிட்டார்.

இடது கையால் சாவியைத் துளையில் விடக் காளியண்ணனுக்கு நெடுநேரம் ஆனது. யாரும் உதவிக்குப் போகவில்லை, போனால் கடித்துவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். கதவு திறந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த துப்பாக்கி அவர் விட்டுப்போன மாதிரியே நின்றது. ஒற்றைக் கையால் பிடித்து மெல்ல வெளியே இழுத்தார். குழல் பாரம் தாங்காமல் ஆடியது. சார்ஜன் அப்போதுதான் அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்தார். இரண்டு பேருமாக அதை மேசையில் கிடத்தினார்கள். உள்ளே தோட்டா இல்லை என்று திறந்து பார்த்து, வெற்றுக் கூட்டு டப்பாவையும் வாங்கிக்கொண்டு, ரசீது எழுதி அவரிடமே நீட்டினார். போகும்போது ராஜுவைப் பார்த்து, உனக்குப் பன்றித் தொல்லை என்றால் உன் பெயரில் மனுப் போடு, முறையாகக் கிடைத்தால் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். அலமாரியும் சாவியும் உங்களுடையது, எங்களுக்கு வேண்டாம் என்றார்.

ஜீப் போன பிறகு ராஜு வெடித்தான்.

"என் கன்னுல பாதி போச்சுக்கா. சாவியக் கையில வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு நின்னியே, கூடப் பொறந்தவதான நீ?"

"என் கன்னும்தான் போச்சு. எனக்கு வலிக்கலன்னு நெனச்சியா?" அக்காவின் குரல் அன்றைக்குத்தான் உடைந்தது. "ஒன் கையில குடுத்து, ஒன்னய இழுத்துக்கிட்டுப் போயிருந்தா, மாதவிக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்? கன்னு போனா நடலாம் ராஜு. வா, இந்தா சுருளு மிச்சம் கெடக்கு. நாளைக்கு ஒன் நெலத்துல கட்டுவோம்."

ராஜு வெளியே போனான். போனவன் திரும்பி வந்து கம்பிச் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் காலையில் இரண்டு சுத்தியல் சத்தம் சாலை வரைக்கும் கேட்டது.

ஆயுத பூசையன்று காளியண்ணன் வரமாட்டார் என்று நினைத்தேன். என்ன இருக்கிறது வைப்பதற்கு. ஆனால் தீபன் அவரைத் தள்ளுநாற்காலியில் வைத்து ரோட்டைத் தாண்டிக் கூட்டிவந்தான். மடியில் தட்டு, தட்டில் வெற்றிலை, வெற்றிலை மேல் அதே சாவி. காலி அலமாரியின் சாவி. யாரும் சிரிக்கவில்லை. பூசாரி அதற்குத்தான் முதலில் சந்தனமும் குங்குமமும் வைத்து, காளியண்ணனின் இடது கையிலும் குங்குமத்தைக் கொடுத்தார். காளியண்ணனைக் கேட்காமலே கலாவதியக்காவும் தன்னுடைய கம்பி வெட்டும் குறட்டை அந்தத் தட்டிலேயே, சாவி பக்கத்தில் வைத்தார்.

பூசை முடிந்து நானும் அவர்களோடு வீட்டுக்குப் போனேன், கொண்டைக்கடலைச் சுண்டல் இருந்தது. தீபன் அவரை நாற்காலியிலிருந்து பிடித்து எழுப்பினான். இப்போது ஒருவர் பிடித்துக்கொண்டால் நாலு எட்டு நடக்கிறார். குளியலறைக் கதவருகே தடுமாறி, விழாமலிருக்க இடது கையைச் சுவரில் ஊன்றினார். கையை எடுத்தபோது வெள்ளைச் சுவரில் ஐந்து விரலும் குங்குமமாகப் பதிந்திருந்தன.

காளியண்ணன் அதைப் பார்த்தார். திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணி, அவர் சிரித்தார்.

கலாவதியக்கா பழக்க தோஷத்தில் ஈரத்துணியைக் கொடியிலிருந்து உருவிவிட்டார். சுவர் வரைக்கும் போனார். அந்தக் கையடையாளத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு துணியைத் திரும்பக் கொடியிலேயே போட்டுவிட்டு, எங்களுக்குச் சுண்டல் எடுத்து வைக்கப் போனார்.